ஏழு நிமிடமும் நாற்பது நிமிடமும்: ஓர் அறுப்புப் பண்டிகையில் கேட்ட தப்பிசை

தஞ்சைக்குக் கிழக்கே வெண்ணாற்றுப் பாசனப் பகுதியிலுள்ள ஒரு சேகரத்தில், சம்பா அறுவடை முடிந்தபின் நடைபெற்ற அறுப்புப் பண்டிகையின்போது, ஒரே தப்பிசைக் குழுவினரை ஒரே நாளில் இருமுறை கேட்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. காலையில் ஆலயத்தினுள் ஏழு நிமிடம். மாலையில் ஆலய வளாகத்துப் பூவரச மரத்தடியில் ஏறத்தாழ நாற்பது நிமிடம். கலைஞர் அதே ஒன்பது பேர், கருவிகள் அவையே, அடிகளும் பெரும்பாலும் அவையே. ஆயினும் நாம் கேட்டவை இரண்டும் ஒரே இசை அல்ல. அது ஏன் என்பதைச் சற்று விரிவாகவே நோக்க விரும்புகிறோம். ஏனெனில் இவ்வேறுபாட்டிற்குக் காரணம் கலைஞரிடத்தில் இல்லை, திருச்சபையினிடத்தில் இருக்கிறது.

இறையியல் இதழொன்றில் இசை விமர்சனம் எதற்கு என்று வாசகர் சிலர் வினவக்கூடும். பாடலின் சொற்களை ஆராய்வதில் நாம் வல்லவர்கள். ஒரு கீர்த்தனையில் உபதேசப் பிழை உண்டா, ஒரு ஞானப்பாட்டின் மொழிபெயர்ப்பு மூலத்திற்கு நேர்மையாயிருக்கிறதா என்றெல்லாம் எழுதியிருக்கிறோம். சொல்லே இல்லாத இசை ஒன்று ஆலயத்தினுள் நுழையும்போதோ, அதை 'நம் பண்பாடு' என்று பொதுவாகப் பாராட்டுவதோடும், அல்லது 'சத்தம்' என்று பொதுவாகத் தள்ளிவிடுவதோடும் நின்றுவிடுகிறோம். இரண்டிலும் இசையை எவரும் கேட்பதில்லை.

முதலில் கருவி. மதுரைப் பக்கத்தில் பறை என வழங்குவதே தஞ்சைப் பகுதியில் தப்பு எனப்படுகிறது. துணியைக் கல்லில் அடிப்பதைத் தப்புதல் என்கிறோம். அவ்வகையில் அடிக்கப்படுவது தப்பு. பிழை என்னும் பொருளும் அச்சொல்லுக்கு உண்டாகையால் கருவியின் பெயரையே கேலி செய்யும் வழக்கம் ஊர்களில் இருந்து வந்திருக்கிறது. மரச் சட்டங்களை வளையமாக இணைத்து, ஒருபுறம் மட்டும் தோலை இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டியது இது. வலக்கையில் குட்டையான தடித்த குச்சி. தோளில் சாய்ந்த தப்பின் மேல்விளிம்பைப் பிடித்திருக்கும் இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கிற் குச்சி. தடித்த குச்சி தோலின் நடுவில் ஆழ்ந்த ஒலியையும், மெல்லிய குச்சி உச்சமான ஒலியையும் எழுப்பும். சுருதி கூட்டுவதற்கு ஆணியோ வாரோ கிடையாது. நெருப்பு ஒன்றே வழி. வைக்கோலைக் கொளுத்தி அதன் அனலில் தோலைக் காட்டினால் ஈரம் நீங்கித் தோல் இறுகும்; ஆறிவிட்டால் மீண்டும் தளரும். இலக்கண நூலார் மருதத் திணைக்குரிய பறைகளாக மணமுழவையும் நெல்லரிகிணையையும் கூறுவர். நெல் அரியும் களத்திற்கென்றே ஒரு பறை இருந்த நாடு இது. ஆகவே அறுப்புப் பண்டிகையில் தோற்கருவி ஒலிப்பது புதுமையன்று, ஒலிக்காதிருந்ததே விந்தை.

காலை ஆராதனையில் நிகழ்ந்தது என்ன? ஆலய வாயிலில் எட்டரை மணிக்குத் தீ மூட்டித் தப்புகளைக் காய்ச்சினர். காணிக்கைப் பவனியில் குழுவினர் வாயிலிலிருந்து பலிபீடத்தின் முன்வரை வந்து ஏழு நிமிடம் வாசிப்பதென்பது ஏற்பாடு. ஆராதனை முறைமையின்படி காணிக்கை பிரசங்கத்துக்குப் பின் வருவதால், அவர்கள் உள்ளே நுழையும்போது மணி பத்தரை ஆகிவிட்டது. இரண்டு மணி நேரம் திண்ணை நிழலில் கிடந்த தோல்கள் தளர்ந்துவிட்டன. ஆலயத்தினுள் தீ மூட்ட இயலாதென்பது உண்மைதான். ஆனால் வாத்தியக்கருவியின் இயல்பை அறிந்த ஒருவரேனும் முறைமையை வகுத்தோருள் இருந்திருந்தால், வெளியே ஒரு பிடி வைக்கோலுக்கும் ஐந்து நிமிடத்துக்கும் வழி செய்திருப்பார். வயலினைச் சுருதி சேர்க்காமல் வாசிக்குமாறு நாம் எவரிடமும் கேட்பதில்லை.

இதைவிடப் பெரிய குறை ஒன்றும் உண்டு. காங்கிரீட் கூரையும் மெருகேற்றிய தரையும் கொண்ட அப்புதிய ஆலயத்தில் ஒவ்வோர் அடியும் எதிரொலித்து அடுத்த அடியின்மேல் விழுந்தது. தப்பிசையின் உயிர் அடியில் மட்டுமன்று, அடிகளுக்கிடையேயுள்ள மௌனத்திலும் இருக்கிறது. எதிரொலி அம்மௌனத்தை நிரப்பிவிட்டது. போதாக்குறைக்கு, பாடற்குழுவின் மின்னிசைப் பலகையிலிருந்த தாளப்பெட்டி பவனிப்பாட்டுக்காக முடுக்கப்பட்டது நிறுத்தப்படவேயில்லை. ஒன்பது மனிதர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அடிக்க முயன்றபோது, எவரையும் கேளாத ஓர் இயந்திரம் ஒலிபெருக்கியின் துணையுடன் அவர்களுக்கு மேலாக அடித்துக்கொண்டிருந்தது. ஏழு நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் காட்டியாக வேண்டுமென்ற கட்டாயத்தால் குழுவினர் அடிக்கு அடி மாற்றிக்கொண்டே சென்றனர். எந்த அடியும் ஒரு நிமிடத்துக்குமேல் நிலைக்கவில்லை. சபையார் கைதட்டினர். போதகர் நன்றி கூறினார். நம் அருகிலிருந்த மூப்பர் ஒருவர், 'நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் திரும்பத் திரும்ப ஒன்றையே அடிக்கிறார்கள்' என்றார். உண்மை அதற்கு நேர்மாறானது: போதிய அளவு திரும்பத் திரும்ப அடிக்க அவர்களுக்கு இடங்கொடுக்கப்படவில்லை.

மூப்பர் கூறிய குறையைச் சற்று ஆராய்வது பயனுடையது. நம் குருமாணவரிடையேயும் அது நிலவுகிறது. திரும்பச் செய்தல் வளர்ச்சி குன்றிய இசையின் அடையாளம் என்றும், தொடங்கி விரிந்து உச்சமடைந்து முடிவதே உயர்ந்த இசை என்றும் நாம் எண்ணப் பழகியிருக்கிறோம். இவ்வெண்ணம் நமக்கு வந்த மேலைநாட்டிலேயே அது அசைந்துவிட்டது. 1960-களில் அமெரிக்காவில் லாமோன்ட் யங், டெரி ரைலி, ஸ்டீவ் ரைக், பிலிப் கிளாஸ் ஆகியோர் வளர்த்த மினிமலிசம் என்னும் இசைநெறி, மிகச் சிறிய இசைத்துணுக்குகளை எடுத்துக்கொண்டு, அவற்றைத் திரும்பத் திரும்ப இசைப்பதனாலும் சிறுகச் சிறுக மாற்றுவதனாலும் நெடிய ஆக்கங்களைப் படைத்தது. 1964-இல் சான் பிரான்சிஸ்கோவில் முதன்முதல் இசைக்கப்பட்ட ரைலியின் 'இன் சி' என்னும் ஆக்கத்தில் ஐம்பத்து மூன்று சிறு துணுக்குகளே உள்ளன. ஒவ்வொரு கலைஞரும் ஒவ்வொரு துணுக்கையும் தாம் விரும்பும் அளவு திரும்ப இசைத்துவிட்டு அடுத்ததற்குச் செல்லலாம். ஆனால் மற்றவரைக் கேட்டுக்கொண்டேயிருக்க வேண்டும், கூட்டத்தைவிட்டு மிகவும் முந்தவோ பிந்தவோ கூடாது. ரைலி பின்னர், 1970 முதல், இந்துஸ்தானி இசையாசான் பண்டித் பிராண்நாத்தின் மாணவரானார். ரைக் அதே 1970-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டுக்குச் சென்று முழவிசை பயின்று வந்து, 1971-இல் 'டிரம்மிங்' என்னும் ஆக்கத்தை நியூயார்க்கில் அரங்கேற்றினார். ஒரு மணி நேர அளவுக்கு நீளும் அவ்வாக்கம் முழுவதும் ஒரே தாள அமைப்பினின்று எழுகிறது. தொடக்கத்தில் சுழற்சிக்கு ஓர் அடி மட்டும். பின்னர் மௌனம் இருந்த இடங்களில் ஒவ்வோர் அடியாக நிரப்பப்பட்டு அமைப்பு முழுமை பெறுகிறது.

இதைக் கூறுவது, மேலைநாட்டார் சான்றளித்துவிட்டார்கள், ஆகவே தப்பும் இசைதான் என்று நிறுவுவதற்கன்று. அவ்வகைச் சான்றிதழ் நமக்குத் தேவையில்லை. திரும்பச் செய்தல் அறியாமையின் விளைவன்று, ஓர் இசைச் சிந்தனையின் முறை என்பதை, 'டிரம்மிங்'கைப் பொறுமையுடன் கேட்போமேயானால் தப்பையும் அதே பொறுமையுடன் கேட்கக் கற்கலாம் என்பதற்காகவே கூறுகிறோம்.

மறைநூலும் இவ்விடயத்தில் நம் மூப்பருக்குத் துணை நிற்பதாகத் தெரியவில்லை. ஜெபத்தில் வெறும் சொற்களைப் பெருக்குவதை ஆண்டவர் கண்டித்ததை (மத்தேயு 6:7) திரும்பச் செய்தல் அனைத்துக்கும் எதிரான சட்டமாகப் பலர் எடுத்தாளுகின்றனர். அதே நற்செய்தியாளரே, கெத்செமனேயில் ஆண்டவர் மூன்றாம் முறையும் அதே சொற்களைச் சொல்லி ஜெபித்தார் என்று எழுதுகிறார் (26:44). 136-ஆம் சங்கீதம் தன் இருபத்தாறு வசனங்களிலும் ஒரே பல்லவியை மீட்டுகிறது. நம் ஆலயங்களில் அதைப் பாதியில் நிறுத்திவிடும் வழக்கம் உண்டு. வெளிப்படுத்தின விசேஷத்தின் நான்கு ஜீவன்களோ இரவும் பகலும் ஓய்வதில்லை. திருப்பாடல் ஒன்றையே பலமுறை கூறும்போது சொல் மாறுவதில்லை, சொல்லுகிறவன் மாறுகிறான். அதற்குக் காலம் வேண்டும். இருபத்தாறில் பதின்மூன்றைக் குறைத்தால் பாதி பயன் கிட்டும் என்று எண்ணுவது கணக்கு, வழிபாடன்று.

மாலையில் நிகழ்ந்ததை இப்போது கூறலாம். அன்பின் விருந்து முடிந்து, இலை எடுத்து, பெரும்பாலோர் வீடு திரும்பியபின், எவரும் கேட்காமலே குழுவினர் பூவரச மரத்தடியில் கூடினர். அவ்வாண்டுப் புது வைக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. தீயைச் சுற்றி வட்டமாக நின்று தோலைக் காட்டி, விரலால் சுண்டிக் கேட்டு, மீண்டும் காட்டி, இவ்வாறே கால் மணி நேரம் சென்றது. பின்னர் தலைமைக் கலைஞராகிய முதியவர் தனியாகத் தொடங்கினார். ஆறு எண்ணிக்கை கொண்ட சுழற்சியில் ஒரே ஓர் அடி. எஞ்சிய ஐந்தும் மௌனம். அதை அவர் எத்தனை முறை அடித்தாரென்று நாம் எண்ணவில்லை. நெடுநேரம் என்று மட்டும் தோன்றியது. இரண்டாமவர் வேறோர் எண்ணிக்கையில் ஓர் அடியை வைத்தார். மூன்றாமவர் மெல்லிய குச்சியால் மட்டும் நுழைந்தார். ஆறாமவர் சேரும்போது ஒவ்வொருவரும் இரண்டு மூன்று அடிகளுக்குமேல் அடிக்கவில்லை. ஆயினும் காதில் விழுந்தது இடையறாத ஓர் ஓட்டம். அவ்வோட்டத்தினுள், உச்ச ஒலிகள் மட்டும் ஒன்றோடொன்று சேர்ந்து, அவ்வொன்பது பேருள் எவரும் தனியாக அடிக்காத ஓர் அமைப்பு கேட்கலாயிற்று. அவ்வமைப்பு எவர் கையிலும் இல்லை; ஒன்பது பேருக்கும் இடையில் இருந்தது.

பத்தாவது நிமிட அளவில் நாம் சலிப்புற்றோம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. எழுந்து செல்லவும் எண்ணினோம். அச்சலிப்பைக் கடந்தபின்னரே காது வேறுவகையில் கேட்கத் தொடங்கிற்று: அடுத்து என்ன வரும் என்று எதிர்நோக்குவதை விட்டு, இப்போது என்ன இருக்கிறது என்று கேட்கலாயிற்று. ஓர் அடி சற்றே விளிம்பை நோக்கி நகர்ந்தாலும் அது ஒரு நிகழ்ச்சியாயிற்று. காலையில் ஏழாம் நிமிடத்தில் நாம் கைதட்டி முடித்திருந்தோம் என்பதை அப்போது நினைவுகூர்ந்தோம். இந்த இசையின் வாசல் எங்கே தொடங்குகிறதோ அதற்கு முன்பே அதை நிறுத்தியிருந்தோம்.

இன்னொன்றும் கண்டோம். வட்டத்தின் ஓரத்தில் நின்ற பதினைந்து வயது மதிக்கத்தக்க சிறுவன், தலைவரின் குச்சி உயர்வதற்கு முன்பே அடுத்த அடிக்கு மாறிவிட்டான். நம் பாடற்குழுக்களில் ஒரு குரல் முந்திவிட்டால் நடத்துநரின் பார்வை எவ்வாறு திரும்பும் என்பதை நாம் அறிவோம். இங்கே பக்கத்திலிருந்தவர் தம் அடியை அரை எண்ணிக்கை தள்ளி அச்சிறுவனுடன் சேர்ந்துகொண்டார். அவருக்கு அடுத்தவர் அவருடன். நாலைந்து சுழற்சிக்குள் பிழை என்று எதுவும் இல்லை. புதியதோர் அமைப்பு இருந்தது. முதியவர் சிரித்தார். ஐக்கியம் என்னும் சொல்லைக் குறித்து நாம் எழுதிய கட்டுரைகளில் இத்தகைய எடுத்துக்காட்டு ஒன்றும் அகப்படவில்லை.

பாதிக்குமேல் சென்றபோது தீயைக் கிளறுவதற்காக வாசிப்பு தாழ்ந்தது. அவ்வேளையில் சபையைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் முதியவரின் அருகே வந்து கேட்டார்: 'அன்னைக்கு அவருக்கு அடிக்கல. இன்னைக்கு ஒரு தடவ அடிங்க தம்பி.' அவருடைய கணவர் முந்தைய ஆண்டின் அட்வெந்து நாட்களில் அடக்கம் செய்யப்பட்டவர். கிறிஸ்தவ அடக்கத்தில் தப்பு கூடாதென்பது அச்சபையில் நெடுங்கால ஏற்பாடு. காலை ஆராதனைக்கும் அவ்வாறே, 'சாவுக்கொட்டு மட்டும் வேண்டாம்' என்று குழுவினரிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததைப் பின்னர் அறிந்தோம். முதியவர் சற்றுத் தயங்கினார். ஆலயக் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார். பின்னர் அடித்தார்.

அது மெதுவான நடை. தடித்த குச்சியின் ஆழ்ந்த ஒலி மட்டும்; இடையில் நீண்ட இடைவெளி. மூதாட்டி அழவில்லை, நின்று கேட்டார். சில நிமிடங்களுக்குப்பின், தடித்த குச்சிகள் சாவுக்கொட்டை விடாது நடத்திக்கொண்டிருக்கும்போதே, இளையவர்கள் இருவர் மெல்லிய குச்சிகளால் அதன் இருமடங்கு வேகத்தில் முன்னைய ஆட்ட நடையை அதனுள்ளேயே எழுப்பினர். இரண்டு நிமிட அளவு இரண்டும் ஒருங்கே ஒலித்தன. கீழே துயரம் தன் நடையில் சென்றது, மேலே களிப்பு தன் நடையில் சென்றது, அளவு ஒன்றே. அன்றைய இசையின் சிகரம் இதுவே என்பது நம் கருத்து. யோவான் நற்செய்தி சிலுவையையும் மகிமையையும் ஒரே வேளையாகக் காண்கிறதென்று வகுப்பறையில் கற்பிக்கும் நாம், அவ்வொருமை காதுக்கு எவ்வாறு கேட்கும் என்று ஒருபோதும் வினவியதில்லை.

காலையில் சாவுக்கொட்டை விலக்கியது இசைக்கு மட்டுமன்றிப் பண்டிகைக்கும் நேர்ந்த குறை. இப்பகுதியில் அறுவடை வெறும் களிப்பாக இருந்ததில்லை. அன்றைய ஒன்றுபட்ட தஞ்சை மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, நெற்கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளரின் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பத்து நான்கு பேர் தீயில் மாண்டனர். நாம் ஆலயங்களில் கிறிஸ்து பிறப்புத் திருநாளைக் கொண்டாடிய இரவு அது. நெல்லைக் காணிக்கையாக ஏற்றுக்கொண்டு நெல்லின் துயரத்தை வாயிலிலேயே நிறுத்துவது எவ்வகை நன்றியறிதல்?

தோற்கருவி விவிலியத்துக்கு அந்நியமன்று. செங்கடலைக் கடந்தபின் மிரியாம் கையில் எடுத்ததும், 150-ஆம் சங்கீதம் துதிக்கு அழைப்பதும் எபிரெயத்தில் தோஃப் எனப்படும் கருவி. மர வளையத்தில் தோலை இழுத்துக் கட்டிய கைப்பறை அது என்பது அறிஞர் கொள்கை. நமது பழைய திருப்புதலில் அது 'தம்புரு' என நிற்கிறது. தமிழ்க் காதுக்குத் தம்புரு என்றால் கச்சேரி மேடையில் சுருதி மீட்டும் நரம்புக்கருவி. மிரியாம் கடற்கரையில் தம்புரா மீட்டி ஆடினாள் என்று தலைமுறை தலைமுறையாக நம் சிறுவர் எண்ணி வளர்ந்தனர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றே செய்தார் என்று கூறமாட்டோம். ஆனால் அச்சொல் தோலை நரம்பாக்கி, சேரியை மேடையாக்கிவிட்டது. யெப்தாவின் மகள் தகப்பனை எதிர்கொள்ள எடுத்து வந்ததும் இதே கருவியே. அந்தக் களிப்பு எவ்வாறு முடிந்தது என்பதை நியாயாதிபதிகள் பதினோராம் அதிகாரம் கூறும். களிப்புக்கும் இழவுக்கும் ஒரே தோல் என்பது நம் ஊர் வழக்கம் மட்டுமன்று. முன்னர்க் கூறிய ஸ்டீவ் ரைக் யூத மரபினர்; அவர் 1981-இல் சங்கீதப் பகுதிகளை எபிரெயத்திலேயே அமைத்த 'தெஹில்லிம்' என்னும் ஆக்கத்தில், சலங்கையற்ற சிறு கைப்பறைகளையும் கைதட்டலையும் அடிப்படையாக வைத்தார். சங்கீதம் பாடிய ஒரு மரபினர் தம் தோஃபைத் தேடி எடுத்துக்கொண்டதாக அதனைக் கேட்கலாம்.

இவ்வளவில் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரை மகிழ்ச்சியுடன் முடிந்திருக்கும். மாலை வாசிப்பு முடிந்து நாம் முதியவரிடம் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது, அதே சபையைச் சேர்ந்த பட்டதாரி இளைஞர் ஒருவர் குறுக்கிட்டார். 'எங்க தாத்தா இத கையிலேருந்து கீழ வைக்க ஒரு ஆயுசு ஆச்சு ஐயா. நீங்க வந்து திரும்ப எடுத்துக் குடுக்குறீங்க. உங்க வீட்டுப் பிள்ளைக்கு வயலின், எங்களுக்குத் தப்பா?' அவருடைய பாட்டனார் மிராசுதார் வீட்டுச் சாவுகளுக்குக் கட்டாயமாகத் தப்படித்து, களத்தில் நெல் வாங்கியவர். முதியவர் ஒன்றும் பேசாமல் தப்பைத் துணியில் சுற்றினார்.

இக்கேள்விக்கு நம்மிடம் ஆயத்தமான விடை இல்லை. தமிழகத்தில் ஒடுக்கப்பட்டோர் இயக்கங்களுக்குள்ளேயே, பறையை விட்டொழிப்பதா, மீட்டெடுப்பதா என்ற வாதம் நடந்து வந்திருக்கிறது. இரு சாராரிடத்தும் நியாயம் உண்டு. மதுரை அரசரடி தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியாபிலஸ் அப்பாவு அவர்கள் (1940–2005), 'பறட்டை' என்னும் பெயரில், நாட்டுப்புற இசையையும் பறையையும் வழிபாட்டின் நடுவே வைத்துப் பாடல்கள் இயற்றினார். மக்கள் தம் விருப்பப்படி மாற்றிப் பாடக்கூடியதே விடுதலையின் இசை என்பது அவர் கொள்கை. 2025-இல் மதுரையைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. இவையெல்லாம் உண்மை. ஆயினும் விருது வழங்கும் மேடையும் சேகரத்தின் குடியிருப்பும் ஒன்றல்ல என்பதையே அவ்விளைஞர் கூறினார்.

தஞ்சைத் திருச்சபையின் வரலாறும் நம்மை எச்சரிக்கிறது. சுவார்ட்ஸ் ஐயரின் மாணவரான வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) தமிழிசையை ஆலயத்தில் நிலைநாட்டிய பெருங்கவிஞர்; பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிய மிஷனெரிமார் தமிழ்ப் பாடல்களைக் குறைக்க முற்பட்டபோது அதை வன்மையாக எதிர்த்தவர். அதே எதிர்ப்பில் அவர், சாதி வேறுபாடின்றி அனைவரும் ஒருங்கே அமர வேண்டும் என்ற ஏற்பாட்டையும் எதிர்த்தார். ஆலயத்தில் சாதி வேறுபாட்டை அடியோடு நீக்க வேண்டுமென்று பேராயர் டேனியல் வில்சன் 1833-இல் கட்டளையிட்டபோது தஞ்சைச் சபை பிளவுண்டது. நம் நாட்டு இசைக்காகப் பேசிய குரலும் நம் நாட்டுச் சாதிக்காகப் பேசிய குரலும் இந்நகரில் ஒரே குரலாக இருந்த காலம் உண்டு. பண்பாட்டின் பெயரால் ஒரு கருவியை ஆலயத்தினுள் கொணரும் எவரும் இதை மறத்தல் ஆகாது.

அன்று வாசித்த ஒன்பது பேரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்கள். பாடற்குழுவிலிருந்து ஒருவரும் அவர்களுடன் நிற்கவில்லை. அவர்களுள் ஒருவரும் பாடற்குழுவில் இல்லை. முதியவர் அச்சபையிலேயே திருமுழுக்குப் பெற்றவர் என்பதையும் நாம் மாலையில்தான் அறிந்தோம். காலை அறிவிப்பில் 'வந்திருக்கும் கலைஞர்கள்' என்றே அவர் குறிக்கப்பட்டார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் அனைவரும், எத்தெருவினராயினும், அவரை ஆசிரியராகக் கொண்டு முறையாக ஊதியமளித்துத் தப்பு பயிலும்வரை, இளைஞரின் கேள்வி நிற்கவே செய்யும். நம் கல்லூரிகளிலும், ஆர்மோனியத்தில் தேர்ச்சி கேட்கிற நாம், தப்பில் அதைக் கேட்கிறோமா?

இசையைப் பற்றிய குறைகள் சிலவும் உள. மாலை வாசிப்பின் இறுதிப்பகுதி முற்பகுதிக்கு ஈடாகவில்லை. கூட்டம் சிறிது சேர்ந்ததும் இளையவர்கள் திரைப்பாடல் அடிகளுக்கும், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறும் வித்தைகளுக்கும் சென்றனர். விழா மேடைகளில் ஐந்து நிமிடத்துக்குள் கைதட்டல் பெறப் பழகியதன் விளைவு அது. கட்டிய வேகம் அத்துடன் சிதறியது. குழுவில் பெண் ஒருவரும் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். மிரியாமின் கருவியைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதைக் கூறாதிருக்க இயலாது. திண்டுக்கல்லில் சகோதரி சந்திரா அவர்கள் உருவாக்கிய சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையெடுத்து ஆடுவதைக் கண்டோர், இது இயலாத காரியம் என்று சொல்லார்.

பண்டிகைக்குப் பிந்திய சேகரக் கூட்டத்தில் இப்பொருள் பேசப்பட்டதாகப் போதகர் நமக்குத் தெரிவித்தார். அடுத்த ஆண்டும் தப்பிசை வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. வாசிப்பை ஆலயத்தினுள் வைப்பதா வெளியே வைப்பதா, சாவுக்கொட்டை அனுமதிப்பதா என்பவற்றில் முடிவு எட்டவில்லை. எவ்வளவு நேரம் வேண்டுமென்று முதியவரைக் கேட்டிருக்கிறார்கள். தோல் காயும் நேரத்தையும் சேர்த்தா, சேர்க்காமலா என்று அவர் திருப்பிக் கேட்டாராம். இளைஞர் அக்கூட்டத்துக்கு வரவில்லை.